ட்ரைபர் கூரையில் டென்ட்: 50 கிலோவா, 300 கிலோவா?

பூப்பாறைக் குளிர் கேட்டது:

வணக்கம். சொந்த ஊர் போடி, வேலை பூப்பாறை பக்கம் ஒரு ஏலத் தோட்டத்தில். வண்டி ரெனோ ட்ரைபர், டிஎன் 60 பதிவு. கூரையில் கம்பெனியே போட்ட ரெயில் இருக்கிறது. நான், வீட்டுக்காரி, ஒன்பது வயதில் ஒருத்தன், ஐந்து வயதில் ஒருத்தி. லீவு கிடைத்தால் வட்டவடை, காந்தளூர், மறையூர் என்று கிளம்பிவிடுவோம். சீசனில் அங்கே ரூம் வாடகையைக் கேட்டால் பேசாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றும். அதனால் கூரை மேல் விரிக்கிற டென்ட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். மடக்குகிற துணி டென்ட், எடை 52 கிலோ.

விற்கிறவர் “300 கிலோ தாங்கும் சார், நாலு பேரும் தாராளமாகப் படுக்கலாம்” என்கிறார். ரெனோவோ ரெயிலுக்கு 50 கிலோ என்கிறது. நாங்கள் நாலு பேர் ஏறினாலே அதைப் போல நாலு மடங்கு. யார் சொல்வது சரி?

இன்னொன்று. ஊரில் தெரிந்த வெல்டிங் பட்டறையில், கூரையில் ஓட்டை போட்டு ஜீப்புக்கு அடிக்கிற மாதிரி இரும்பு கேரியரே அடித்துத் தருகிறேன் என்கிறார்கள். செலவு பாதிதான் ஆகும். செய்யலாமா? வண்டி அடிக்கடி போடிமெட்டு ஏறி இறங்கும் என்பதையும் சேர்த்து யோசித்துச் சொல்லுங்கள்.

கூடலூர் டீசல்:

எங்க பக்கம் தோட்டத்துக்குப் போற ஜீப்பைப் பார்த்ததில்லையா பாஸ்? உள்ளே ஆள், மேலே மூட்டை, அதுக்கு மேலேயும் மூட்டை. 52 கிலோவுக்கு இவ்வளவு யோசனையா? அடிச்சு மாட்டிட்டு கிளம்புங்க.

சின்னமனூர் டிங்கர்:

கூடலூர்த் தம்பி, ஜீப்புக்கு அடியில் பாரம் தாங்குகிற தனி இரும்புச் சட்டம், சேஸிஸ், இருக்கிறது, கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற விளிம்பு இருக்கிறது. கேரியரின் கால் அந்த விளிம்பைப் பிடித்து உட்காரும். ட்ரைபருக்கு அந்த விளிம்பே கிடையாது. கூரைத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. நான் தினமும் தட்டி எடுக்கிற தகடு, எனக்குத் தெரியும்.

பூப்பாறைத் தம்பிக்கு: இரண்டு பேர் சொல்வதும் சரிதான், இரண்டும் வேறு வேறு கணக்கு. கம்பெனி சொல்லும் 50, வண்டி ஓடும்போது. கடைக்காரர் சொல்லும் 300, டென்ட்டின் தரைப்பலகை நின்ற இடத்தில் தாங்குவது. வண்டி நிற்கும்போது எடை நேராகக் கீழே இறங்கும். ரெயில், கூரையைத் தாங்கும் தூணான பில்லர், டயர் என்று போய்விடும், விரித்ததும் வண்டிக்கு வெளியே நீட்டி நிற்கும் டென்ட்டின் பாதிக்கு ஏணியும் முட்டுக் கொடுக்கும். அதனால் நின்ற கூரை ஓடுகிற கூரையைவிட நிறையத் தாங்கும். ஆனால் எவ்வளவு என்று உங்கள் வண்டிக்காக டென்ட் கடைக்காரர் எப்படி வாக்குக் கொடுக்க முடியும்?

நீங்கள் பயப்பட வேண்டியது ஓடுகிற கணக்குக்குத்தான். 52 கிலோ டென்ட்டோடு, ரெயிலுக்குக் குறுக்கே மாட்டுகிற கிராஸ் பார் இரண்டும் ஐந்தாறு கிலோ வரும். அந்த 52-இல் மெத்தையும் ஏணியும் அடங்குமா என்று கேளுங்கள், பல கடைகளில் அடங்காது. கம்பளி, தலையணையை உள்ளேயே வைத்து மடக்கிவிடுவீர்கள், எல்லோரும் அப்படித்தான். காலைப் பனியில் துணி நனைந்தால் அந்த ஈரமும் எடைதான். 65 கிலோவைத் தொட்டுவிடும். ரெயிலுக்கு ஒரு அளவு, பாருக்கு ஒரு அளவு, கூரைக்கு ஒரு அளவு இருக்கும். மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் அளவு.

அந்த 65 கிலோவோடு போடிமெட்டில் இறங்குங்கள். 17 கொண்டை ஊசி வளைவு. எதிரே பஸ் வந்து அழுத்திப் பிரேக் போட்டால் ஐம்பது கிலோ அளவுக்கு அந்த டென்ட் முன்னால் தள்ளும். தாங்குவது நாலு கிளாம்ப்தான். பள்ளத்தில் விழுந்து எழும்போது அதற்கும் மேல். வண்டி காலியாகவே ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு, இன்ஜின் ஒரு லிட்டர். தலையில் பாரம் ஏறினால் ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கம் சாயும். கீழே சமவெளிக்கு வந்து 80-இல் போனால் காற்று வேறு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தள்ளு நாலு மடங்கு.

ஓட்டை போடுகிற பேச்சே வேண்டாம். போன மழையில் ஒரு வண்டி வந்தது, எங்கேயோ துளை போட்டு சிலிக்கான் பூசி கேரியர் மாட்டியிருந்தார்கள். ஓனர் சொன்ன புகார், டிரைவர் காலடி மிதியடி எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று. கதவு ரப்பரை இரண்டு தடவை மாற்றிவிட்டார் பாவம். உள்கூரைத் துணியை இறக்கிப் பார்த்தால், துளையைச் சுற்றி ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குத் துரு, தண்ணீர் தகட்டின் அடியிலேயே ஊர்ந்து முன் பில்லருக்குள் இறங்கி, கால் பக்கம் வந்து சொட்டியிருக்கிறது. சிலிக்கான் வெளியே பார்க்கப் புதுசாகத்தான் இருந்தது.

மறையூர் வெல்லம்:

டிங்கர் அண்ணன் சொன்னதற்கு மேல் எடையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எங்களிடம் கூரை டென்ட் இருக்கிறது, சேஸிஸ் உள்ள பெரிய வண்டியில். படுக்கிற கதையை நான் சொல்கிறேன்.

இந்த மாதிரி டென்ட் விரித்தால் சுமார் 240-க்கு 140 சென்டிமீட்டர். நாலு பேர் என்பது கடைக்காரர் கணக்கு. நானும் வீட்டுக்காரரும் மகளும் படுத்தாலே யாராவது ஒருவர் துணிச் சுவரில் ஒட்டிக்கொண்டு நனைவோம். குளிர் இடத்தில் மூச்சுக்காற்றே உள்ளே நீராகப் படியும், மெத்தைக்கு அடியிலும் ஈரம் கோக்கும். ஈரத்தோடு மடக்கி, வீட்டுக்கு வந்து விரிக்காமல் விட்டால் நம் மலை ஈரப்பதத்துக்குப் பூஞ்சைதான். ஐந்து வயதுக் குழந்தையை ராத்திரி இரண்டு மணிக்கு ஏணியில் இறக்கி, செருப்பு தேடி, ஒன்றுக்குக் கூட்டிப் போய் மறுபடி ஏற்றுவதை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். காலையில் பால் வாங்க வண்டி எடுக்க வேண்டுமென்றால் மொத்த வீட்டையும் மடக்க வேண்டும்.

ஆடி மாதம் கம்பம் பள்ளத்தாக்கில் கூரை டென்ட் விரிக்கவே வேண்டாம். அந்தக் கணவாய்க் காற்றை நம்பித்தானே தேனிப் பக்கம் காற்றாலை வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் இடம். காட்டு நிலத்திலும் தேயிலைத் தோட்ட ரோட்டோரத்திலும் விரிக்காதீர்கள். நீங்கள் இருப்பதே சின்னக்கானலுக்குப் பக்கத்தில், உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே சுற்றிக்கொண்டிருந்த அரிக்கொம்பன் யானையை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறில் விட்டார்கள், அடுத்த மாதமே கம்பம் டவுனுக்குள் வந்து நின்றான். கூரை மேல் படுத்தால் யானைக்கு எட்டாது என்று என் தம்பி ஒருத்தன் வாதாடுவான். கூரை அதன் தும்பிக்கைக்குச் சரியான உயரம். நாங்கள் ஹோம்ஸ்டே முற்றத்தில் பேசி வைத்துத்தான் விரிக்கிறோம், கக்கூஸும் வெந்நீரும் கிடைக்கும்.

பூப்பாறைக் குளிர்:

இரண்டு பேருக்கும் நன்றி. வீட்டுக்காரி ஏணிக் கதையைப் படித்ததும் டென்ட் பேச்சை முடித்துவிட்டாள். கீழே போடுகிற டென்ட்டே வாங்குகிறோம். ஆனால் கிராஸ் பார் மட்டும் மாட்டி, பக்கவாட்டில் இழுத்து விரிக்கிற சாய்ப்பு ஒன்று கட்டலாமா அண்ணே? 12 கிலோ என்கிறார்கள். கேரளாவில் எம்விடி, அதாவது மோட்டார் வாகனத் துறைக்காரர்கள், பிடிப்பார்களா? பார் காற்றில் விசில் அடிக்கும் என்றும் கேள்விப்பட்டேன்.

சின்னமனூர் டிங்கர்:

தாராளமாகக் கட்டலாம், பாரோடு சேர்த்து 20 கிலோவுக்குள் அடங்கும். சாய்ப்பு ஒரே பக்கம் தொங்கும் என்பதால் மற்ற சாமானை எதிர்ப்பக்கம் தள்ளி வையுங்கள். கனமான சாமான் மேலே வேண்டாம். மூன்றாம் வரிசை சீட்டைக் கழற்றி வீட்டில் வைத்தால் பின்னால் 625 லிட்டர் இடம் இருக்கிறதே, அடுப்பு, தண்ணீர்க் கேன் எல்லாம் அங்கே போகட்டும்.

வண்டியைக் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது, கேரளாவில் மாடிஃபிகேஷன் விஷயத்தில் கறாராகத்தான் இருப்பார்கள். வெட்டி ஒட்டிய இரும்புக் கேரியர் தூரத்திலேயே கண்ணை உறுத்தும், நாளைக்கு இன்சூரன்ஸ்காரரும் கேள்வி கேட்பார். கிளாம்பில் பிடிக்கிற பாரை வேண்டாத நாளில் கழற்றி வைத்துவிடலாம், அடையாளமே இருக்காது.

விசிலுக்கு, பாரின் மேல் காடியை மூடுகிற ரப்பர் பட்டை கூடவே வரும். அதைத் தூக்கிப் போடாமல் முழு நீளத்துக்குச் செருகினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். கிளாம்ப் மாட்டுவதற்கு முன் ரெயிலையும் ரப்பரையும் நன்றாகத் துடையுங்கள், நடுவில் மண் துகள் இருந்தால் பெயின்ட்டை அரைத்துவிடும். எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டில் எஸ்எஸ் நட்டை மிஷின் வைத்து வேகமாக ஏற்றினால் பாதியில் கவ்விக்கொள்ளும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கையால் மெதுவாக ஏற்றுங்கள். முதல் ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி எல்லா நட்டையும் திரும்ப முடுக்குங்கள்.

வாங்கும் முன் ரெயிலுக்கும் கூரைக்கும் நடுவே விரல் முழுசாக நுழைகிறதா என்று தடவிப் பாருங்கள், அதை வைத்துத்தான் எந்த கிளாம்ப் என்று சொல்ல முடியும். சின்னமனூர் வந்தால் வண்டியோட மேனுவலையும் எடுத்து வாங்க.