ராத்திரி இருமல்: அலர்ஜியா, ஆஸ்துமாவா?

வணக்கம், கொஞ்சம் உதவி தேவை. என் 8 வயது மகளுக்கு மூன்று மாதமாக வறட்டு இருமல். கூடவே காலையில் தும்மலும் மூக்கில் நீரும் இருந்ததால், மூக்குச் சளி தொண்டைக்குள் இறங்கி வருகிற அலர்ஜி இருமல்தான் என்று சொல்லி டாக்டர் செட்ரிசின் என்கிற அலர்ஜி மருந்து கொடுத்தார். தும்மல் அடங்கிவிட்டது, இருமல் அடங்கவில்லை. விடியற்காலை 3 மணிக்கு எழுந்து உட்கார்ந்து இருமுகிறாள், ஓடி விளையாடினாலும் வருகிறது, பார்க்கவே முடியவில்லை. வீசிங் சத்தம் மட்டும் இல்லை.

அந்தச் சத்தமே இல்லாமல் இருமல் மட்டும் வருகிற ஆஸ்துமாவும் உண்டு என்று இன்னொரு டாக்டர் ஸ்பைரோமெட்ரி என்கிற நுரையீரல் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஒருமுறை ஊதவைத்து, மூச்சுக்குழாயை விரிக்கிற சால்புட்டமால் மருந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதவைத்து, ஊதுகிற காற்றின் அளவு 12 சதவீதமாவது கூடுகிறதா என்று பார்ப்பார்களாம். ஆஸ்துமா இருந்தாலும் சில நேரம் நார்மல் என்றே வருமாம், அதுதான் குழப்பம்.

இந்த வயதுப் பிள்ளைக்கு இந்த டெஸ்ட் எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? சரியாக ஊதினார்களா, வீட்டில் எப்படிப் பழக்கினீர்கள்? ரிப்போர்ட் நார்மலாக வந்தபிறகு டாக்டர் என்ன செய்தார்? அப்புறம், இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று அத்தை பயப்படுகிறார்கள், எனக்கு அந்தப் பயம் இல்லை, பிள்ளை ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கினால் போதும்.