முதல் தடவை நீலகிரி ஏறணும்: குன்னூர் ரோடா, கோத்தகிரி ரோடா?

அன்னூர் ரோடு எழுதியது:

வணக்கம். ஊர் கோவை, வயசு 44. ஒன்றரை வருஷமா ரோடு சைக்கிள் ஓட்டுறேன். ஓட்டினது எல்லாம் சமவெளிதான். ஞாயித்துக்கிழமை அன்னூர் பக்கம், இல்லன்னா மேட்டுப்பாளையம் வரைக்கும் போயிட்டுத் திரும்பிடுவேன். 80 கி.மீ. வரைக்கும் சிரமம் இல்லை. மலைன்னு பாத்தா மருதமலை ரோடு நாலஞ்சு தடவை ஏறியிருக்கேன், அவ்வளவுதான்.

மேட்டுப்பாளையத்துல டீ குடிச்சுட்டு அந்த மலையைப் பாத்துக்கிட்டே வண்டியைத் திருப்பறப்ப ஒவ்வொரு வாரமும் மனசு கேக்க மாட்டேங்குது. இந்த வருஷம் ஏறியே ஆகணும். முன்னாடி 50, 34 பல்லுன்னு ரெண்டு சக்கரம், பின்னாடி கேசட் (பல் சக்கர அடுக்கு) 11 பல்லுல இருந்து 28 வரைக்கும், சக்கர விளிம்பைப் பிடிக்கிற ரிம் பிரேக். எந்த ரோட்டுல போகலாம்? ஒரே நாள்ல ஊட்டி போய்ச் சேர முடியுமா? மே மாசம் பசங்களுக்கு லீவு, எனக்கும் நாலு நாள் லீவு கிடைக்கும், அப்பப் போகலாம்னு இருக்கேன்.

பர்லியார் எழுதியது:

குன்னூர் வழியா போங்க. ரோடு அகலம், நல்ல தார். கல்லாறு வரைக்கும் பாக்குத் தோப்பு நிழல், அப்புறம் பர்லியார்ல நின்னு மூச்சு வாங்கிக்கலாம். மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் நம்பர் எழுதியிருக்கும், எண்ணிக்கிட்டே ஏறலாம். அதிர்ஷ்டம் இருந்தா மலை ரயிலையும் பாக்கலாம். அந்த ரயில் 12.5 மீட்டர் போனா 1 மீட்டர் ஏறுது, அதுக்குத்தான் நடுவுல பல் தண்டவாளம். நம்ம ரோடு வளைஞ்சு வளைஞ்சு போறதால அவ்வளவு செங்குத்து கிடையாது. பயப்படாதீங்க.

பவானிக்கரை எழுதியது:

நான் மேட்டுப்பாளையம்ங்க. ஒன்பது வருஷமா இந்த ரெண்டு ரோட்லயும் ஏறி இறங்கிட்டு இருக்கேன். பர்லியார் சொன்னது எல்லாம் சரிதான், குன்னூர் ரோடு அழகான ரோடு. ஆனா முதல் தடவைன்னா கோத்தகிரிதான் போகணும்னு சொல்வேன். குன்னூர் ரோட்ல வளைவு ஏறிக்கிட்டு இருக்கறப்ப மேல இருந்து சுற்றுலா பஸ் இறங்கும், பின்னாடி லாரி ஹாரன் அடிக்கும். மணிக்கு எட்டு கிலோமீட்டர்ல போற ஆளுக்கு அங்க ஒதுங்க இடம் இருக்காது. மூச்சு வாங்கறதுக்கு முன்னாடி மனசு களைச்சுப் போயிடும். கோத்தகிரி ரோட்லயும் பஸ் வரும், ஆனா நடுநடுவுல ரெண்டு நிமிஷம் ஒரு வண்டியும் இல்லாம உங்க செயின் சத்தம் மட்டும் கேக்கும். மலை ஏறுறதோட சுகமே அதுலதாங்க இருக்கு.

கணக்கு இதுதான். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரம், கோத்தகிரி 1,800க்குக் கிட்ட. தூரம் 33 கி.மீ. பவானி பாலம் தாண்டி ரோடு ரெண்டாப் பிரியும், வலது பக்கம் போகணும். முதல் அஞ்சாறு கிலோமீட்டர் சும்மா இருக்கும். மிச்சத்துல நூறு மீட்டருக்கு அஞ்சு மீட்டருக்குக் கொஞ்சம் மேல ஏறுது. கேக்க சின்ன நம்பர்தான். ஆனா சமவெளிக்காரங்க ஏமாந்து போற இடமும் இதுதான், ஏன்னா மருதமலை மாதிரி பத்து நிமிஷத்துல முடியாது. ரெண்டரை, மூணு மணி நேரம் விடாம மிதிக்கணும்.

அதனால முதல்ல கேசட்டை மாத்துங்க. முன்னாடி 34, பின்னாடி 28ன்னா பெடல் ஒரு சுத்துக்கு வண்டி இரண்டரை மீட்டர் போகும். நிமிஷத்துக்கு 60 சுத்து மிதிச்சாலே மணிக்கு 9 கி.மீ. வந்துடும். களைச்சு 6க்கு இறங்கினா 40 சுத்துதான், அத்தனை பாரமும் முட்டில விழும். 44 வயசுல முட்டியைக் காப்பாத்தணுங்க. பின்னாடி 34 பல் போட்டா அதே வேகத்துக்கு கால் லேசா சுத்தும். பின்னாடி செயினைப் பல் மாத்துற டீரெய்லரோட கூண்டு சின்னதா இருந்தா 34 ஏறாது, நீளமான கூண்டு வாங்கணும், செயினும் புதுசு வேணும். செலவுதான், ஆனா இந்த ஒண்ணுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

மே மாசம் வேண்டாம். சீசன்ல ஒருவழி ஆக்கிடுவாங்க: ஊட்டிக்கு ஏற குன்னூர் ரோடு, இறங்க கோத்தகிரி ரோடு. ஒருவழி இருக்கறப்ப கோத்தகிரி ரோட்ல ஏறினா ஊட்டில இருந்து இறங்கற கூட்டம் பூரா உங்க எதிர்ல வரும். ஐப்பசி, கார்த்திகையும் வேண்டாம். நம்ம கிழக்குச் சரிவுக்கு வடகிழக்கு மழைதான் மழை. 2009 நவம்பர்ல மண் சரிஞ்சு நாப்பது பேருக்கு மேல செத்தாங்க, அந்த மாசம் இந்த மலை எப்படி இருந்துதுன்னு பாத்தவன் நான். ஜனவரி கடைசில இருந்து மார்ச் ஆரம்பம் வரைக்கும் நல்ல நாள்.

யானை பத்தி யாரும் எழுதலை. கோத்தகிரி ரோட்ல குஞ்சப்பனை பக்கம் பலா மரம் அதிகம். பழம் பழுக்கற மாசங்கள்ல யானை ரோட்டுக்கே வரும். மத்த மாசத்துலயும் வராதுன்னு சொல்ல முடியாது. பஸ் சத்தத்தை அது தூரத்துலயே கேட்டு ஒதுங்கிக்கும். நம்ம சைக்கிளுக்கு சத்தமே இல்லைங்க, வளைவு திரும்பினா நேரா பக்கத்துல போய் நிப்போம். அதுதான் ஆபத்து. அதனால விடியறதுக்கு முன்னாடி மலைக்குள்ள போகாதீங்க. மேல இருந்து இறங்கற பஸ் டிரைவர், பால் வண்டிக்காரர் யாரையாவது கை காட்டி "மேல நிக்குதாண்ணா?"ன்னு கேட்டுட்டுப் போங்க. எனக்கு ஒரு தடவை ஒரு டிரைவரண்ணன் கையை மட்டும் கீழ அமுத்திக் காட்டினாரு. நின்னுட்டேன். காத்துல பலாப்பழ வாசம், உள்ள மூங்கில் முறியற சத்தம். நாப்பது நிமிஷம் கழிச்சு அடுத்த பஸ் வந்தப்புறம் அது பின்னாடியே ஒட்டிக்கிட்டுப் போனேன்.

ஏறுறதை விட எனக்கு பயம் நீங்க இறங்கறதுதான். ஆறு வருஷம் முன்னாடி, உங்களை மாதிரியே ரிம் பிரேக். அரவேணுல இருந்து முள்ளூர் தாண்டி வரைக்கும் பிரேக்கைப் பிடிச்ச கையை விடவே இல்லை. ஒரு வளைவுக்கு முன்னாடி துப்பாக்கி சுட்ட மாதிரி சத்தம், முன் சக்கரம் தரையோட ஒட்டிக்கிச்சு. வேகம் குறைஞ்சு இருந்ததால மண் பக்கம் சாய்ஞ்சு விழுந்தேன், முழங்கை மட்டும் தேஞ்சுது. எழுந்து ரிம்மைத் தொட்டேன், விரல் நுனி உடனே கொப்பளிச்சுது. டியூபைக் கழட்டிப் பாத்தா நடுவுல வாய் திறந்த மாதிரி ஒரு கிழிசல், அதுக்குப் பக்கத்துல ஸ்போக் ஓட்டை அளவுக்கு வட்டமா ஒரு அச்சு. ஸ்போக் ஓட்டைங்களை மூடுற ரிம் டேப்பை அகலம் குறைச்சலா ஒட்டிக் குடுத்திருந்தாங்க ஒரு கடையில. சூட்டுல டேப் நகர்ந்து, காத்து அழுத்தம் ஏறி, டியூப் அந்த ஓட்டைக்குள்ள பிதுங்கிடுச்சு. ரோட்டோரத்துல தேயிலை மூட்டைக்குக் காத்திருந்த ஒரு பாட்டி எழுந்து வந்து, தன் தூக்குப் போசித் தண்ணிய என் கையில ஊத்துனாங்க. "மெதுவாப் போ சாமி"ன்னாங்க. அந்தக் குரல் இன்னும் அந்த வளைவுல எனக்குக் கேக்கும்.

அதனால போறதுக்கு முன்னாடி ரெண்டு டயரையும் கழட்டி ரிம் டேப்பை உங்க கண்ணால பாருங்க. இறங்கறப்ப நேர் ரோட்ல பிரேக்கை விட்டுடுங்க, வளைவுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்திப் பிடிங்க, திரும்பினதும் விடுங்க. தொடர்ந்து உரசிக்கிட்டே வரக்கூடாது. அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு தடவை நின்னு ரிம் ஆறட்டும். ஏறி வர்ற பஸ் வளைவுல முழு ரோட்டையும் எடுத்துக்கும், மலையில ஏறுற வண்டிக்குத்தான் முன்னுரிமை, நின்னு வழி விடுங்க.

ஊட்டி இந்தத் தடவை வேண்டாம்ங்க. கோத்தகிரிக்கு மேல கட்டபெட்டு வழியா தொட்டபெட்டா சந்திப்பு வரைக்கும் இன்னும் நல்லா ஏறணும், அப்புறம் ஈரப் பனியனோட குளிர்ல ஊட்டிக்கு இறங்கணும். கோத்தகிரில சூடா சாப்பிட்டுட்டுத் திரும்புங்க. மலையில பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் விக்கத் தடை, அதனால சைக்கிள்லயே ரெண்டு பெரிய பாட்டில் கட்டிக்கங்க.

ஏழாவது வளைவு எழுதியது:

நான் சேலம். பவானிக்கரை அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கங்க: அதுக்கு முன்னாடி ஒரு தடவை ஏற்காடு வந்து பாருங்க. 20 கொண்டை ஊசி வளைவு, உயரம் 1,500 மீட்டர். தூரம் கம்மிங்கறதால முடியலைன்னாலும் திரும்பி இறங்கறது பெரிய விஷயம் இல்லை. இறங்கப் பழகறதுக்கு நல்ல மலை. நான் முதல்ல ஏழாவது வளைவுல திரும்பினேன், மூணாவது தடவைதான் ஏரி பாத்தேன். கொல்லிமலை 70 வளைவு இருக்கே, அதை இப்ப நினைக்கவே வேண்டாம்.

அன்னூர் ரோடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அண்ணா, நேத்து ராத்திரியே டயரைக் கழட்டிப் பாத்தேன். பின் சக்கரத்துல டேப் ஒரு பக்கமா ஒதுங்கி, நாலு ஓட்டை பாதி தெரியுது. இதோட இத்தனை நாள் ஓட்டியிருக்கேன். கேசட்டுக்கும் சொல்லியாச்சு. ஜனவரி கடைசில ஏற்காடு, பிப்ரவரி ரெண்டாவது ஞாயிறு கோத்தகிரி. ஒரு சந்தேகம்: கார்ல கொண்டு வந்து மேட்டுப்பாளையத்துல நிறுத்தலாமா, இல்ல கோவைல இருந்தே மிதிக்கலாமா?

பவானிக்கரை எழுதியது:

கார்ல வாங்க. கோவைல இருந்து மிதிச்சா 35 கி.மீ. கால் அங்கேயே செலவாயிடும். டேப் துணி டேப்பா, ரிம் உள் அகலத்துக்குச் சரியா இருக்கறதா வாங்குங்க. அந்த ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன். ஆறே முக்காலுக்கு பவானி பாலத்துல நிப்பேன், நல்லா வெளுத்தப்புறம் கிளம்பலாம்.