என்.எம்.ஆர். பீக் பட்டியலை ஆய்விதழ் வடிவில் எடுக்க வழி உண்டா?

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். தீசிஸ் கடைசிக் கட்டம். 34 சேர்மங்கள், எல்லாவற்றுக்கும் 400 மெகாஹெர்ட்ஸ் புரோட்டான் என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு; ஹைட்ரஜன்களின் சிக்னலை வைத்து மூலக்கூறின் அமைப்பை அறியும் சோதனை), டியூட்டரேட்டட் குளோரோஃபார்மில்.

எங்கள் லேப் மென்பொருளில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் பிபிஎம்மும் (பீக் நிற்கும் இடம்) பீக் உயரமும் மட்டும் உள்ள சிஎஸ்வி ஃபைல்தான் வருகிறது. எனக்கு வேண்டியது இப்படி ஒரு வரி: 7.30 (டப்லெட், ஜே = 8.0 ஹெர்ட்ஸ், 2 ஹைட்ரஜன்). அதாவது பீக்கின் இடம், அது இரண்டாகப் பிளந்திருப்பது, அந்தப் பிளவின் இடைவெளி (ஜே), ஹைட்ரஜன் எண்ணிக்கை. பெரிய எண்ணிலிருந்து சிறியதுக்கு இறங்க வேண்டும், 7.26இல் நிற்கும் கரைப்பான் பீக் தானாக விலக வேண்டும்.

இன்னொரு தலைவலி, அந்த சிஎஸ்வியில் பிபிஎம்முக்கு இரண்டு தசம இடம்தான் இருக்கிறது. 400 மெகாஹெர்ட்ஸில் 0.01 பிபிஎம் என்றால் 4 ஹெர்ட்ஸ். அதை வைத்து ஜே கணக்குப் போட்டால் 8.4 எல்லாம் 8 ஆகவோ 12 ஆகவோ போய் நிற்கிறது. (கைடிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.) நான்கு தசம இடம் வரவைப்பது எப்படி? இன்டெக்ரலையும் (பீக்கின் பரப்பளவு) சேர்த்து எடுக்க முடியுமா?

பைத்தான் ஓரளவு தெரியும். யாரிடமாவது ஸ்கிரிப்ட் இருந்தால் கொடுங்கள், மாற்றிக்கொள்கிறேன். மாதிரி ஃபைல் கமென்டில் போடுகிறேன்.