சுமாரான ரெக்கார்டு போதுமா, கோச்சை மாத்த?

ஏற்காடு விங்கர்:
சேலம் காந்தி ஸ்டேடியம் பக்கம் ஃபுட்பால் பேச்சு வந்தாலே இதே வாக்குவாதம்தான். ஒரு புரொஃபஷனல் டீம் 20 மேட்ச்ல 7 வெற்றி, 6 டிரா, 7 தோல்வி, 27 பாயிண்ட்னு வைங்க. படுமோசமும் இல்ல, பிளே-ஆஃபும் இல்ல. கோச்சை அனுப்புறது நியாயமா? எதை வச்சு முடிவு பண்றது?

செவ்வாய்ப்பேட்டை 6:
தம்பி, 27-ஐ முதல்ல ரெண்டாப் பிரிங்க. முதல் 10 மேட்ச்ல 10, அடுத்த 10-ல 17னா அந்த ஆள் மேல கை வைக்கவே கூடாது. திருப்பிப் போட்டா யோசிக்கணும்.

அடுத்து எக்ஸ்பெக்டட் கோல். ஒவ்வொரு ஷாட்டும் கோலாகுற வாய்ப்பு எவ்வளவுன்னு 0-லேர்ந்து 1 வரை ஒரு மதிப்பு உண்டு, பெனால்டின்னா சுமார் 0.76. எதிரணியை விட நல்ல வாய்ப்பு உருவாக்கியும் தோத்தா, குறை ஃபினிஷிங்லயோ கீப்பர்கிட்டயோ இருக்கு. வாய்ப்பே உருவாகலைன்னாதான் கோச்சைக் கேக்கணும்.

வாங்குன கோல் எப்படி வந்துச்சுன்னும் வீடியோவுல பாருங்க. கார்னர்ல முதல் போஸ்ட் காலியா இருக்கும், மேன்-மார்க்கிங் பண்றவனை எதிராளி ஒருத்தன் குறுக்க நின்னு மறிச்சிருப்பான், பின்னாடி வர்றவன் தனியா தலையால முட்டிருவான். அப்படிப் போற பாயிண்டுக்கு, கார்னர், ஃப்ரீ கிக் மட்டும் பழக்குற ஒரு செட்-பீஸ் கோச் போதும்.

அம்மாபேட்டை லெஃப்ட் பேக்:
அண்ணா சொல்றது சரி, ஆனா பொறுமைக்கும் எல்லை வேணும். ஐ.எஸ்.எல். டீம் சென்னையின் எஃப்சியைப் பாருங்க. கோச் ஜான் கிரிகோரி 2017-18-ல கோப்பை வாங்கிக் கொடுத்தார். அடுத்த சீசன் 18 மேட்ச்ல 9 பாயிண்ட், கடைசி இடம். அப்பவும் வச்சிருந்தாங்க. 2019-20-ல 6 மேட்ச்ல 5 பாயிண்டோட அவர் விலக, ஓவன் காயில் வந்தார். அதே வீரர்களோட நாலாவது இடம், அப்புறம் ஃபைனல். ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸ் மட்டும் 15 கோல்! ஆட்கள் சரியா இருந்து ஆட்டம் சரியில்லைன்னா மாத்துங்க.

செவ்வாய்ப்பேட்டை 6:
அது நல்ல உதாரணம், ஆனா விதி இல்ல. நெதர்லாந்து லீக்ல ஆராய்ஞ்சிருக்காங்க: அதே மாதிரி சரிஞ்சு, கோச்சை மாத்தாத டீமும் கிட்டத்தட்ட அதே அளவு மீண்டிருக்கு. மேன்செஸ்டர் யுனைடெட்ல கோச் ஃபெர்குசன் 1989-90-ல முடிச்சது 13-வது இடம்; அப்பவும் அவரை மாத்தல, பின்னாடி கோப்பையாக் குவிச்சார்.

ஓமலூர் ரெஃப்ரி:
பணத்தை யாரும் பேசலையே. ஃபிஃபா விதியில கோச்சுகளுக்குன்னு தனி இணைப்பு 2021 ஜனவரியில அமலுக்கு வந்துச்சு. நியாயமான காரணம் இல்லாம நீக்குனா, பொதுவா மீதி ஒப்பந்தச் சம்பளம்தான் நஷ்டஈடு. அவருக்கு வேற வேலை கிடைச்சா அந்தச் சம்பளம் கழியும். தோல்வி மட்டும் நியாயமான காரணம் ஆகாது. அதனால கையெழுத்துப் போடும்போதே 'இந்த இடத்துக்குக் கீழ போனா இத்தனை மாசச் சம்பளத்தோட முடிச்சுக்கலாம்'னு எழுதிக்கணும். அவர் கூட்டிட்டு வந்த ஃபிட்னஸ் கோச், அனலிஸ்ட் ஒப்பந்தத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

மாத்துறதா இருந்தா ஜனவரி டிரான்ஸ்ஃபர் தொடங்குறதுக்கு முன்ன மாத்துங்க. பிப்ரவரியில வர்றவருக்கு ஆள் எடுக்கவும் வழியில்ல, பழக்கவும் நாள் இல்ல.