மறு: ‘ஆங்கர் வாட்ச்’ – நங்கூரக் காவல் என்றே வைக்கலாம்

குழுமத்தாருக்கு வணக்கம். நங்கூரமிட்ட படகை ஒருவர் விழித்திருந்து காப்பதே ‘ஆங்கர் வாட்ச்’. நம் சொற்பட்டியலில் அதற்கு என்ன சொல் வைப்பது என்ற விவாதத்தில் ஒரு நண்பர் எழுதியது இது:

> ‘நங்கூரக் கண்காணிப்பு’ என்று வைத்துவிட்டால் கருவிக்கும் ஆளுக்கும் ஒரே சொல் போதுமே.

போதாது என்பதே என் கருத்து. ஜிபிஎஸ் கருவி செய்யும் வேலையும், இரவில் மேல்தளத்தில் உட்கார்ந்திருப்பவர் செய்யும் வேலையும் வேறு வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், கருவியை முடுக்கிவிட்டால் ஆள் படுத்துக்கொள்ளலாம் என்று படிப்பவர் நினைத்துவிடுவார். பாய்மரப் படகில் செல்பவர்களுக்கான சொற்பட்டியலில் அப்படி ஒரு குழப்பத்துக்கு இடம் தரக் கூடாது.

வெப்பமண்டலக் கரையோரத்தையே எடுத்துக்கொள்வோம். பிற்பகலில் கடற்காற்று வீசும்போது நங்கூரமிட்டால் படகின் அணியம் (முன்பகுதி) கடலை நோக்கியும், அமரம் (பின்பகுதி) கரையை நோக்கியும் நிற்கும். பொழுது சாய்ந்து நிலம் குளிர்ந்ததும் நிலக்காற்று எழுகிறது. படகு அரைவட்டமடித்து அணியத்தைக் கரைப்பக்கம் திருப்பிக்கொள்கிறது. ஆழம் 5 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து அணியத்தின் உயரம் 1 மீட்டர், இனி ஏறவிருக்கும் ஓதம் (கடல்மட்ட ஏற்றம்) 2 மீட்டர் என்றால் கூட்டுத்தொகை 8. அதைப்போல் ஐந்து மடங்கு விட்டால் சங்கிலி 40 மீட்டர். படகின் நீளம் 12 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சங்கிலி முழுதும் நீண்டு நிற்கையில் இந்த ஒரு திருப்பத்திலேயே அமரம் ஏறத்தாழ 100 மீட்டர் இடம் மாறிவிடும். நங்கூரமோ போட்ட இடத்திலேயே கிடக்கும்.

கருவிக்குத் தெரிவது ஒரு மையமும் ஒரு வட்டமும் மட்டுமே; படகு அந்த வட்டத்தைத் தாண்டினால் மணி அடிக்கும். நங்கூரம் விழுந்த புள்ளியைக் குறிக்காமல், சங்கிலி விட்டு முடித்துப் படகு பின்வாங்கி நின்ற புள்ளியை மையமாகக் குறித்தால் வட்டமே தவறாகிவிடும். பிறகு நிலக்காற்றில் படகு திரும்பியதும் வீணாக மணி அடிக்கும். அதை நிறுத்த வட்டத்தைப் பெரிதாக்கிவிட்டு உறங்கப் போவார்கள். நள்ளிரவுக்குப் பின் கடல்பக்கத்திலிருந்து சூறைக்காற்று வந்தால் படகு மறுபடி திரும்பும். கரை மீண்டும் அமரத்துக்குப் பின்னால் வந்து நிற்கும். அந்தத் திருப்பத்தில் நங்கூரம் மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டால், பெரிய வட்டத்தைத் தாண்டி மணி அடிப்பதற்குள் படகு தரைதட்டியிருக்கும்.

காவலில் இருப்பவர் முன்னதாகவே அறிவார். கரையில் ஒரே நேர்கோட்டில் அமையும் இரண்டு விளக்குகளைப் பார்த்து வைத்திருப்பார். அணியத்துக்குப் போய்ச் சங்கிலியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். நங்கூரம் பிடித்திருந்தால் சங்கிலி விறைத்தும் தளர்ந்தும் சீராக இருக்கும். இழுபட்டால் விட்டு விட்டுக் குலுங்கும், அதிர்வு கைக்கு ஏறும். அடியில் பவளப்பாறை இருந்தால் நங்கூரம் பிடித்திருக்கும்போதும் சங்கிலி உரசி முனகும். அந்த முனகலையும் இழுபடும் குலுக்கலையும் பிரித்தறிவது பழக்கத்தால்தான் வரும். இத்தனையையும் ‘கண்காணிப்பு’ என்ற சொல் தாங்குமா? அதில் கண் மட்டுமே இருக்கிறது. கடலில் மோதல் தவிர்ப்பதற்கான 1972 பன்னாட்டு விதிகளில் 5ஆம் விதி, பார்வையாலும் செவியாலும் எந்நேரமும் கவனித்திருக்க வேண்டும் என்கிறது.

‘காவல்’ போலீசை நினைவூட்டுகிறது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். வயற்காவலும் இரவுக்காவலும் போலீசுக்கு முந்தியவை. அவற்றில் ஆள் இருக்கிறார், முறைமாற்று இருக்கிறது, பொறுப்பு இருக்கிறது. ‘முதற்காவல்’, ‘காவல் மாற்றம்’, ‘காவற்குறிப்பு’ என்று கிளைச்சொற்களும் தட்டுத் தடங்கலின்றி வருகின்றன. திருட்டைத் தடுப்பதுபோல் தொனிக்கிறது என்ற மறுப்பையும் நான் குறையாகக் கருதவில்லை. பின்னால் கட்டியிருக்கும் சிறுபடகு களவுபோகாமலும், இருட்டில் யாரும் ஏறிவிடாமலும் பார்ப்பது அந்தக் காவலின் ஒரு பகுதியே. ‘கண்காணிப்பு’ வேண்டுமானால் கருவிக்கு இருக்கட்டும்; அதற்கும் ‘நங்கூர எச்சரிப்பான்’ என்பதே எனக்குக் கூடுதலாகப் பிடிக்கிறது.

நங்கூரம் பிடிப்பிழந்து இழுபடுவதைக் குறிக்கும் ‘டிராகிங்’குக்கு ‘நங்கூர நழுவல்’ வேண்டாம். அவசரத்தில் சங்கிலியை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் படகைக் கிளப்பும் செயல் ஒன்று உண்டு. ‘நழுவவிடுதல்’ அதற்குத்தான் பொருந்தும். நெருக்கடியான நேரத்தில் இந்த இரண்டும் குழம்பினால் ஆபத்து. ‘நங்கூரம் உழுதல்’ என்ற பரிந்துரை மிக அழகானது; மணலிலும் சேற்றிலும் நங்கூரத்தின் அலகு சால் பிடித்துக்கொண்டு போவது அப்படியே கண்முன் வருகிறது. ஆனால் பாறைத் தரையில் அது உழுவதில்லை, தத்தித் தத்திப் போகிறது. ஆகவே பொதுச்சொல் ‘இழுபடல்’ ஆகட்டும். ‘உழுதல்’ கட்டுரைகளில் வாழட்டும்.

‘ஸ்கோப்’ (மேலே சொன்ன ‘ஐந்து மடங்கு’ போன்ற விகிதம்) பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. கயிறு விடுபவர்களும் இருப்பதால் ‘சங்கிலி விகிதம்’ குறுகிவிடும். ‘விடுநீள விகிதம்’ போதும். விளக்கத்தில் அணிய உயரத்தையும் ஓத ஏற்றத்தையும் மறக்காமல் சேர்க்க வேண்டும்.

பட்டியலுக்கு என் வரைவு: “நங்கூரக் காவல் – நங்கூரமிட்டு நிற்கும் கலத்தின் இருப்பிடம், நங்கூரப் பிடிப்பு, வானிலை, அணுகும் கலங்கள் ஆகியவற்றைக் கலத்தில் விழித்திருப்பவர் முறைவைத்துக் கவனித்துக் காக்கும் பணி.”

ஒன்று மீதமிருக்கிறது. 50 மீட்டருக்குக் குறைந்த கலம் நங்கூரமிட்டிருக்கையில் காட்டும், எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்குக்கு ‘நங்கூர விளக்கு’ என்று எழுதியிருக்கிறோம். பகலில் அணியப் பக்கம் தொங்கவிடும் கரும்பந்துக்கு இன்னும் பெயர் இல்லை. ‘நங்கூரக் குண்டு’ வெடிகுண்டுபோல் ஒலிக்கிறது. ‘நங்கூரப் பந்து’ சரியா, அல்லது கலத்தின் நிலையைப் பகலில் காட்டத் தொங்கவிடும் மற்ற வடிவங்களான பகற்குறிகளோடு சேர்த்துப் பெயரிடலாமா? கடலோடிகளோடு பழகியவர்கள் எழுதுங்கள்.