அணிமாற்றக் காலம்: உங்களைத் தூங்கவிடாத வதந்தி எது?

ஸ்காபரோவிலிருந்து (தொடக்கப் பதிவு)

ஜூலை முதல் தேதி கனடா தினம். பூங்காவில் பாபிக்யூ, இரவில் வாணவேடிக்கை. ஐஸ் ஹாக்கிப் பைத்தியங்களுக்கு அதே நாள் பகல் 12 மணிக்கு இன்னொரு திருவிழா தொடங்கும். ஒப்பந்தம் முடிந்த என்.எச்.எல். (வட அமெரிக்காவின் பெரிய ஹாக்கி லீக்) வீரர்களுக்குச் சந்தை திறப்பது அப்போதுதான். அதற்கு முந்தின இரண்டு வாரமும், அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதற்கான மார்ச் மாத ட்ரேட் கெடுவுக்கு முந்தின இரண்டு வாரமும் ரொறன்ரோவில் எங்கே போனாலும் இதே பேச்சு. உங்களால் மறக்க முடியாத வதந்தி எது, எப்படிக் கேள்விப்பட்டீர்கள், கடைசியில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

என்னுடையது 2018, ஜோன் டவாரஸ். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மிசிசாகாவில் பிறந்து ஓக்வில்லில் வளர்ந்த பிள்ளை. அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2009 ட்ராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டு, ஒன்பது பருவம் நியூயோர்க் ஐலண்டர்ஸுக்கு ஆடி, அதன் தலைவராகவும் இருந்தவர். ஜூன் கடைசியில் லொஸ் ஏஞ்சலிஸில் தன் முகவர் அலுவலகத்தில் உட்கார்ந்து ஆறு அணிகளைச் சந்தித்தார். ஒரு நாள் சான் ஹோசே என்றார்கள், மறுநாள் எங்கேயும் போகமாட்டார் என்றார்கள். எங்கள் வீட்டில் யாரும் ஆசை வைக்கவில்லை. 2016-இல் டாம்பா அணியில் ஆடிய ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் விஷயத்தில் பட்ட சூடு ஆறியிருக்கவில்லை. அவரும் நம் பக்கத்து மார்க்கம் பிள்ளைதான். எங்கள் ரொறன்ரோ அணியான மேப்பிள் லீஃப்ஸ் அவரைக் கூப்பிட்டுப் பேசியது. அவர் பெயர் போட்ட நீல ஜெர்சிப் படங்கள் ஊரெல்லாம் சுற்றின. கடைசியில் சந்தை திறக்க இரண்டு நாள் இருக்கும்போது டாம்பாவிலேயே 8 வருடத்துக்கு, 68 மில்லியன் டொலருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அந்த ஜூலை முதல் தேதி மோர்னிங்சைட் பூங்காவில் இருந்தோம். மச்சானின் ஒரு கையில் இடுக்கி, மறு கையில் போன். கோழியைப் புரட்டப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். திரையில் ஒரு படம்: லீஃப்ஸ் முத்திரை போட்ட படுக்கை விரிப்பில் தூங்கும் சின்னப் பையன். டவாரஸே போட்ட படம். 7 வருடம், 77 மில்லியன். பக்கத்து மேசைக் குடும்பம் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. அங்கிருந்த பெரியவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கோழி ஒரு பக்கம் கருகிப் போனதை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த பெப்ரவரி 28-ஆம் தேதி அவர் லோங் ஐலண்டுக்கு விளையாடப் போனார். பழைய ரசிகர்கள் அவருடைய ஜெர்சியையும் ரப்பர் பாம்புகளையும் பனித்தளத்தில் எறிந்தார்கள். ஐலண்டர்ஸ் 6-1 என்று வென்றது. டிவியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. ஊர்ப் பிள்ளை வீடு திரும்பினான் என்று நாங்கள் கொண்டாடிய அதே நாளில்தான் அவர்களுடைய தலைவர் அவர்களை விட்டுப் போனார்.

2025 ஜூனில் அதே டவாரஸ் வருடத்துக்கு 4.38 மில்லியனுக்கு இன்னும் 4 வருடம் இங்கேயே இருக்க ஒப்புக்கொண்டார். முன்பு வாங்கியது வருடத்துக்கு 11 மில்லியன். ஆள்மேல் எனக்கு மரியாதை கூடியது.

மொன்றியலிலிருந்து

தம்பி, நீங்கள் சொன்ன ஸ்டாம்கோஸ் செய்தி வந்த அதே நாள், 2016 ஜூன் 29, எங்கள் வீட்டில் சாவீடு மாதிரி இருந்தது. அரை மணி நேரத்துக்குள் மூன்று இடி. எட்மன்டன் டெய்லர் ஹோலைக் கொடுத்து அடம் லார்சனை வாங்கியது. மொன்றியல் பி.கே. சுபானை நாஷ்வில்லுக்குக் கொடுத்து ஷே வெபரை வாங்கியது. ஸ்டாம்கோஸ் டாம்பாவில் தங்கினார்.

சுபானின் பெற்றோர் கரீபியனிலிருந்து வந்து ரொறன்ரோவில் குடியேறியவர்கள். எங்கள் கோட்-டெ-நேஜ் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, நிறத்தாலும் பெற்றோரின் கதையாலும், கனேடியன்ஸ் அணியில் தங்களைப் போல ஒருவர் இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. முந்தின வருடம் செப்டெம்பரில் அவர் மொன்றியல் குழந்தைகள் மருத்துவமனைக்கு 10 மில்லியன் டொலர் திரட்டித் தருவதாக உறுதி கொடுத்திருந்தார். என் மகளிடம் 76-ஆம் எண் ஜெர்சி இருந்தது. எழுத்து வெடித்துவிடும் என்று மெஷினில் போடாமல், உள்புறத்தை வெளியே திருப்பிக் கையால்தான் துவைப்பேன்.

வதந்தி பல மாதமாக இருந்தது. அவரை நான் யாரிடமும் விலை பேசவில்லை, யாராவது அழைத்தால் கேட்டுக்கொள்வேன் என்கிற மாதிரிதான் பொது மேலாளர் பேசி வந்தார். நானும் மகளும் அதில் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டோம். கவனித்திருக்க வேண்டியது நாட்காட்டியை. 2014-இல் அவர் போட்ட 8 வருட, 72 மில்லியன் ஒப்பந்தத்தில், அவர் சம்மதம் இல்லாமல் எங்கும் அனுப்ப முடியாது என்ற விதி 2016 ஜூலை முதல் தேதிதான் அமலுக்கு வரும். மொன்றியல் அவரை அனுப்பியது அதற்கு இரண்டு நாள் முன்பு.

சரி, யாருக்கு லாபம்? சுபான் அடுத்த வருடமே நாஷ்வில்லோடு ஸ்டான்லி கோப்பை இறுதிக்குப் போய்ப் பிட்ஸ்பர்க்கிடம் தோற்றார். வெபர் எங்கள் அணிக்குத் தலைவராகி 2021 இறுதி வரை கொண்டுபோனார், டாம்பாவிடம் தோற்றோம். கணக்குப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். மகள் அந்த ஜெர்சியை யாருக்கும் கொடுக்க விடவில்லை.

கல்கரியிலிருந்து

வணக்கம் அண்ணா, அக்கா. நான் கோயம்புத்தூர்க்காரன், வேலைக்காக இங்கே வந்தவன். பனியையே இங்கே வந்துதான் பார்த்தேன், ஹாக்கியும் அப்படியே. கல்கரி அணியின் ஜரோம் இகின்லாதான் எனக்கு இந்த ஆட்டத்தைப் பிடிக்க வைத்தவர்.

2013 மார்ச் 27. அன்றைய ஆட்டத்தில் இகின்லா இறங்கவில்லை, அதனால் ட்ரேட் உறுதி என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இரவு டிவியில் போஸ்டன் என்று அடித்துச் சொன்னார்கள். போஸ்டன் கொடுக்கப் போகும் வீரர்களின் பெயர் வரைக்கும் சொன்னார்கள். நான் அறைத் தோழனிடம் போஸ்டனின் அட்டவணையை எடுத்துக் காட்டி, எந்தெந்த ஆட்டத்தைப் பார்க்கலாம் என்று பேசிவிட்டுப் படுத்தேன். காலையில் ஆபீஸில் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒருத்தர் "பிட்ஸ்பர்க்" என்றார். நான் அவரைத் திருத்தினேன். அவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அப்புறம்தான் விவரம் தெரிந்தது. டிவியில் போஸ்டன் என்று சொன்ன செய்தியாளர் கதை கட்டவில்லை. கல்கரியும் போஸ்டனும் கிட்டத்தட்டப் பேசி முடித்திருந்தன. போஸ்டன் தன் ஆள் ஒருவரை அன்றைய ஆட்டத்தில் இறக்காமல் உட்கார வைத்திருந்தது. ஆனால் எங்கே போவது என்று சொல்லும் உரிமை ஒப்பந்தப்படி இகின்லாவிடம் இருந்தது. அவர் சிட்னி க்ராஸ்பி இருக்கும் அணியைக் கேட்டார். அந்த ஜூனிலேயே போஸ்டன் பிட்ஸ்பர்க்கை 4-0 என்று துடைத்து வெளியேற்றியது, கோடையில் இகின்லா போஸ்டனிலேயே சேர்ந்தார், கோப்பை கடைசி வரை அவர் கைக்கு வரவே இல்லை. அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

மார்க்கத்திலிருந்து

மொன்றியல் அக்கா சொன்ன அந்த விதியை வைத்தே எங்கள் கதையையும் சொல்லிவிடலாம்.

லீஃப்ஸ் வீரர் மிச் மார்னர் மார்க்கத்தில் பிறந்தவர். சம்மதம் இல்லாமல் அனுப்ப முடியாது என்ற அவருடைய இட உறுதி 2023 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. மொன்றியல் இரண்டு நாள் முந்திக்கொண்டது, லீஃப்ஸ் அப்படிச் செய்யவில்லை. நல்லதா கெட்டதா என்று எங்கள் ரிங்கில் அப்பாமார் இன்றும் வாதாடுகிறார்கள். என் மகன் சின்ன வயது முதல் ஹாக்கி ஆடுகிறான். விடியும் முன்பே எழும்பி, குளிரில் கார்க் கண்ணாடியைச் சுரண்டி, அவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஒரு டிம் ஹோர்ட்டன்ஸ் காபிக் கோப்பையோடு கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் கூட்டம் நாங்கள். ட்ரேட் பேச்சு எல்லாம் அங்கேதான் நடக்கும்.

2025 மார்ச்சில் கெடு நெருங்கியபோது, கரோலினாவிடம் இருந்த மிக்கோ ரன்டானனை வாங்குவதற்காக மார்னரிடம் சம்மதம் கேட்டார்கள், அவர் மறுத்தார் என்று செய்தி வந்தது. அவர் மனைவி அப்போது கர்ப்பமாக இருந்தார். ரன்டானன் கடைசியில் டாலஸுக்குப் போய் 8 வருடத்துக்கு 96 மில்லியன் வாங்கினார். மார்னர் அந்தப் பருவம், போட்ட கோலும் போட உதவியதும் சேர்த்து, 102 புள்ளி எடுத்தார். பிறகு மே 18, ப்ளேஆஃப் தொடரில் ஃப்ளோரிடாவுடன் ஏழாவது ஆட்டம், சொந்த மண்ணில் 6-1 தோல்வி. அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவருடைய வீட்டு முகவரியை இணையத்தில் போட்டார்கள். காவலுக்கு ஆள் வைக்க வேண்டியதாகிவிட்டது என்று பின்னர் அவரே சொன்னார். கைக்குழந்தை இருக்கும் வீடு அது.

ஜூலை முதல் தேதிக்குள் எல்லாம் முடிந்தது. லீஃப்ஸோடு 8 வருடம், 96 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டு, அதே கையோடு வேகஸ் வீரர் நிக்கொலா ருவாவுக்கு மாற்றாக அங்கே போனார். சந்தையில் சேர்ந்திருந்தால், அப்போதைய விதிப்படி ஒரு புதிய அணி 7 வருடம்தான் கொடுத்திருக்க முடியும். எட்டாவது வருடத்தைக் கொடுக்கப் பழைய அணிக்கு மட்டுமே உரிமை இருந்தது. அதனால்தான் அந்தச் சுற்று வழி.

மகன் என்னிடம் கேட்டான்: "அப்பா, போகச் சொன்னால் போக வேண்டியதுதானே? அணிக்காக?" நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் பதில் சொன்னேன். இந்த நாட்டில் இருக்கும் நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் சொந்த ஊரிலிருந்து கேட்காமல் கிளப்பப்பட்டவர்கள். ஒருவன் தன் ஒப்பந்தத்தில் "என்னைக் கேட்காமல் அனுப்பக்கூடாது" என்று எழுதி வாங்கியிருக்கிறான், அதற்காகத் தன் பேரத்தில் வேறு எதையோ விட்டும் கொடுத்திருப்பான். அதை அவன் பயன்படுத்தினால் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வராது. லீஃப்ஸ் தலைவர் மாட்ஸ் சண்டின் 2008-இல் அதையேதான் செய்தார். கெடுவுக்கு முன் போக மாட்டேன் என்றார், லீஃப்ஸுக்குக் கைக்கு ஒன்றும் வரவில்லை, ஊரே திட்டியது. அடுத்த பெப்ரவரியில் வன்கூவர் ஜெர்சியோடு இங்கே வந்தபோது அதே ஊர் எழுந்து நின்று கைதட்டியது. அன்று ஷூட்அவுட்டில் நம்மைத் தோற்கடித்த கோலையும் அவர்தான் போட்டார்.

ஸ்காபரோவிலிருந்து (இன்னொருவர்)

பெரிய பெயர்களையே பேசுகிறீர்கள். நம் ஸ்காபரோ மைக்கல் பண்டிங்கை விட்டுவிட்டீர்களே! 2021 ஜூலையில் 2 வருடத்துக்கு, வருடத்துக்கு 9,50,000 டொலருக்கு லீஃப்ஸுக்கு வந்தார். ஒருவரும் வதந்தி பரப்பவில்லை, ஒருவரும் தூக்கம் கெடவில்லை. முதல் பருவத்திலேயே 63 புள்ளி, சிறந்த புதுமுகத்துக்கான கோல்டர் விருதின் இறுதிப் பட்டியலில் பெயர். 2023-இல் 3 வருடம், 13.5 மில்லியனுக்குக் கரோலினாவுக்குப் போனார். நன்றாக இருக்கட்டும்.

பிராம்ப்டனிலிருந்து

நான் கணக்காளர், அதனால் எனக்கு வதந்தியை விடச் சம்பள உச்சவரம்பைப் (ஓர் அணி ஒரு பருவத்தில் வீரர்களுக்குச் செலவிடக்கூடிய மொத்தத் தொகை) பார்க்கத்தான் பிடிக்கும். 2004-05 பருவமே நடக்காமல் போன தகராறுக்குப் பிறகு வந்த வரம்பு இது. கொரோனாவில் வருமானம் விழுந்ததால் மூன்று பருவம் 81.5 மில்லியனிலேயே நின்றது. அந்தக் காலத்து வதந்திகள் எல்லாம் பணம் இல்லாத அணி யாரைத் தள்ளிவிடப் போகிறது என்பதைப் பற்றியவை. 2025-26-க்கு வரம்பு 95.5 மில்லியன், அதற்கு அடுத்த பருவத்துக்கு 104. பணம் கையில் இருந்தால் அணி தன் ஆட்களை விடாது. 2025 கோடையில் ஃப்ளோரிடா பென்னட், எக்ப்ளாட், மார்ஷான்ட் மூவரையும் சந்தை திறக்கும் முன்பே பிடித்து வைத்துக்கொண்டது. சந்தையில் ஆள் குறையக் குறைய, இருக்கிற ஓரிரு பெயர்களைச் சுற்றி வதந்தி பெருகும். இனி வரும் கோடைகளும் இப்படித்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

ஒரு பெயர் அடிபட்டால் நான் நான்கைந்து விஷயம் பார்ப்பேன்: ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் மிச்சம், இட உறுதி இருக்கிறதா, அது எந்தத் தேதியில் தொடங்குகிறது, வாங்கும் அணியிடம் வரம்புக்குள் இடம் இருக்கிறதா, பழைய அணி சம்பளத்தில் ஒரு பங்கைத் தானே சுமக்குமா. பாதி வரை சுமக்க விதி இடம் தருகிறது. அதோடு வரி. நெவாடா, டெக்சஸ், ஃப்ளோரிடா மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை. மார்னரும் ரன்டானனும் வாங்கிய 12 மில்லியனை ரொறன்ரோவின் 12 மில்லியனோடு வைத்துப் பார்க்கக்கூடாது. இவ்வளவும் பொருந்தி வந்த பிறகு எலியட் ஃப்ரீட்மன், கிறிஸ் ஜோன்ஸ்டன் போன்ற ஹாக்கிச் செய்தியாளர்கள் வாய் திறந்தால் நம்பத் தொடங்குவேன். அவர்கள் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வைத்த போலிக் கணக்குகள் கெடு நாளில் ஈசல் மாதிரி கிளம்பும். பகிர்வதற்கு முன் பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள், தயவுசெய்து.

என்னுடைய மறக்க முடியாத கதை மொன்றியல் அக்காவுக்குப் பிடிக்காது. 2019-இல் மொன்றியல் கரோலினாவின் செபாஸ்டியன் அஹோவுக்கு ஒரு ஒப்பந்தத் தொகையைக் காட்டி வலை வீசியது. கரோலினா அதே தொகையைக் கொடுத்து அவரைத் தக்க வைத்துக்கொண்டது. 2021 ஓகஸ்டில் கரோலினா மொன்றியலின் கொட்கனியமிக்கு 6.1 மில்லியன் காட்டியது. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் பணம் 20 டொலர். அஹோவின் ஜெர்சி எண் 20. சம்பளத் தொகையின் வாலில் ஒரு 15, அது கொட்கனியமியின் எண். மொன்றியல் ஈடு கொடுக்கவில்லை, ஆள் போய்விட்டார். ஒப்பந்தப் பத்திரத்திலேயே பழிவாங்க முடியும் என்று அன்றுதான் பார்த்தேன், வாய்விட்டுச் சிரித்தேன்.

எட்மன்டன் ஆட்கள் யாராவது இருக்கிறீர்களா? 2024 ஓகஸ்டில் சென் லூயிஸ் இதே வழியில் ப்ரோபர்க், ஹோலவே இருவரையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போனதே, அந்த வாரம் அங்கே எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.