சின்ன வீடுகளுக்கும் வெப்ப விதி கட்டாயமா, வேண்டாமா?

வேளச்சேரிவாசி:
வீடு கட்டுவதற்கென்று மின்சிக்கன விதி ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. பெயர் ஈகோ நிவாஸ் சம்ஹிதா. ஏசிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நட்சத்திர முத்திரை கொடுக்கிற அதே மத்திய அமைப்பு 2018 டிசம்பரில் வெளியிட்டது. கூரை வழியாக எவ்வளவு வெப்பம் இறங்கலாம், சுவரும் ஜன்னலும் எவ்வளவு உள்ளே விடலாம், திறக்கிற ஜன்னல் தரைப்பரப்பில் எத்தனை பங்கு இருக்க வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் அந்த 2018 பதிப்பு 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்குத்தான். நம் கணக்கில் இரண்டே கால் கிரவுண்டு. அரை கிரவுண்டிலும் ஒரு கிரவுண்டிலும் வீடு கட்டுகிறவர்கள் மொத்தமாக வெளியே நிற்கிறார்கள். மாநில அரசு கட்டட விதிகளில் சேர்த்தால்தான் பெரிய மனைக்கே அது செல்லுபடியாகும்.

முழு விதியும் எல்லோருக்கும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கூரைக்கு உள்ள வரம்பை மட்டும் எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்க வேண்டும். மொட்டை மாடித் தட்டோட்டைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

கட்டுமானி_மதுரை:
வன்மையாக மறுக்கிறேன். ஒரு கிரவுண்டுக்குள் கட்டிக் கொடுத்தே பிழைக்கிறவன் நான். புது விதி வந்தால் சான்றிதழ் வரும், சான்றிதழுக்கு ஒரு ரேட் வரும். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். எத்தனை வீட்டில் குழாயை மண்ணுக்குள் ஒரு முழம் செருகிவிட்டுக் கணக்கு முடித்தார்கள் என்று தெருவில் இறங்கிக் கேளுங்கள்.

2024 ஜூலையில்தான் சுயசான்று முறை வந்தது. 2500 சதுர அடி மனையில் 3500 சதுர அடி வரை, தரைத்தளமும் அதன்மேல் ஒரு மாடியும் கட்டுகிறவர் ஆன்லைனிலேயே அனுமதி எடுக்கலாம், ஆள் வந்து பார்க்கத் தேவையில்லை. நடுத்தரக் குடும்பத்துக்கு இத்தனை வருஷத்தில் கிடைத்த ஒரே நிம்மதி அது. கூரையில் என்ன அடுக்கு போட்டீர்கள் என்று பார்க்க மறுபடியும் ஒருவரை வீட்டு வாசலில் நிறுத்தப் போகிறீர்களா?

நிழற்சுவர்:
நான் கட்டடக்கலை படித்தவள். ஆள் வந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை சார். 2018 பதிப்பு கூரைக்குக் கேட்பது ஒரே எண்: யு-மதிப்பு 1.2-ஐத் தாண்டக்கூடாது. இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் கடக்கும் என்பதுதான் யு-மதிப்பு. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளத்துக்கு அது 3-க்கு மேல். அதன்மேல் ஜல்லிக்காரையும் தட்டோடும் போட்டால் 2-க்குப் பக்கத்தில் வரும், 1.2-க்கு இறங்காது. நடுவில் ஒரு அங்குல எக்ஸ்பிஎஸ் பலகை, அதாவது வெப்பத்தைத் தடுக்கும் கெட்டி நுரைப் பலகை, வைத்தாலே இறங்கிவிடும்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறை, ஏறக்குறைய 11 சதுர மீட்டர். வெயிலில் காய்ந்த தளத்துக்கும் அறைக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்று வையுங்கள். வெறும் தளம் என்றால் 700 வாட்டுக்கு மேல் உள்ளே இறங்குகிறது. இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு அதே அறையில் தூங்குவது போலத்தான். 1.2 என்றால் 270 வாட்டுக்குள் நிற்கும்.

அப்புறம் ஒன்று. சென்னையில் ஏப்ரல் கடைசியில் நண்பகல் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேல் வருகிறது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் வரை கொஞ்சம் வடக்கே தள்ளி நிற்கும். நம் ஊரில் முழு அடியையும் வாங்குவது கூரை. அதனால்தான் சுவருக்கு முன்னால் கூரையைப் பேசுகிறோம்.

கொளுத்துக்கரண்டி:
கொத்தனார் வேலையில் வளர்ந்தவன், ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். இப்போது சிமெண்டைக் கலந்து ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள்.

பலகை போடலாம், தப்பில்லை. ஆனால் முதலில் தளத்தில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, கைப்பிடிச் சுவரின் அடியில் ஒரு அடி உயரம் வரை ஏற்றி அடிக்க வேண்டும். அது காய்ந்தபின் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்க்க வேண்டும். பலகைகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி, இணைப்பில் டேப் ஒட்டி, மேலே கம்பி வலை வைத்து தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்துக் கான்கிரீட். வாட்டம் தப்பினால் தண்ணீர் பலகைக்கு அடியில் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கே ஒழுகுகிறது என்று அப்புறம் கண்டுபிடிக்கவே முடியாது. புது வீட்டில் செய்வது சுலபம். பழைய தளத்தில் விரிசல் எங்கே என்று தெரியாமல் மூடினால் வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்க முடியாது.

கட்டுமானி_மதுரை:
பாருங்கள், வேலை தெரிந்தவரே சொல்கிறார். கட்டாயம் என்றால் வேலை தெரியாதவனும் போடுவான். ஒழுகினால் பழி யாருக்கு?

மொட்டைமாடி:
ஒழுகல் பற்றிப் பேசுகிறோம், சரி. குடியிருக்கிறவரைப் பற்றி யாரும் பேசவில்லையே? நான் வாடகைக்கு இருப்பவள், மேல்மாடி. ராத்திரி பத்து மணிக்கு நாற்காலி போட்டு ஏறி உட்கூரையில் கை வைத்தால் இன்னும் சுடுகிறது. ஃபேன் அந்த அனலைத்தான் கீழே தள்ளுகிறது. ஏசி என்னுடையது, கரண்ட் பில் என்னுடையது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண ஸ்லாப்பும் மாறி யூனிட் விலை ஏறிவிடும். தளம் மட்டும் வீட்டுக்காரருடையது. அதில் வெள்ளையடிக்கக்கூட எனக்கு உரிமை இல்லை. பில் கட்டாதவர் கூரைக்கு ஏன் செலவு செய்வார்? விதி இல்லாமல் இது எந்தக் காலத்திலும் நடக்காது.

தேம்ஸ்கரை:
தங்கை சொல்வதற்குத்தான் இங்கே இங்கிலாந்திலும் வேல்சிலும் சட்டம் வந்தது. வீட்டை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் ஏ (மிக நல்லது) முதல் ஜி (மிக மோசம்) வரை ஆற்றல் சிக்கன மதிப்பீடு வேண்டும். 2018 ஏப்ரல் முதல் புது வாடகை ஒப்பந்தங்களுக்கும், 2020 ஏப்ரல் முதல் ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கும், ஈ-க்குக் கீழே உள்ள வீட்டை வாடகைக்கு விடக்கூடாது என்று வைத்தார்கள். இங்கே பிரச்சினை குளிர். ஆனால் செலவு ஒருவர் தலையிலும் பலன் இன்னொருவர் கையிலும் இருக்கிற சிக்கல் அதேதான்.

கட்டுமானி_மதுரை:
ஐயா, அந்தச் சட்டத்தில் வீட்டுக்காரர் 3,500 பவுண்டுக்கு மேல் செலவு செய்ய வேண்டியதில்லை, அதற்கும் தேறாவிட்டால் விலக்குப் பெறலாம் என்று இருக்கிறதே, அதையும் சொல்லுங்கள். வசதியான நாடே வரம்பு வைத்துத்தான் கேட்கிறது. இங்கே பென்ஷன் பணத்தில் மாடி எடுத்து, அந்த வாடகையில் மருந்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன வரம்பு வைப்பீர்கள்?

தெலங்கானாவைப் பாருங்கள். 2023-இல் குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்தார்கள், வெயிலைத் திருப்பி அனுப்பும் பூச்சோ ஓடோ போட்ட கூரைதான் குளிர்கூரை. குடியிருப்புகளில் 600 சதுர கஜமும் அதற்கு மேலும் உள்ள மனைக்குத்தான் கட்டாயம். சின்ன வீட்டுக்காரர் விருப்பப்பட்டால் செய்யலாம். அதுதான் நியாயம்.

வேளச்சேரிவாசி:
வரம்பு வைப்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பழைய வீட்டுக்கு வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடோ போதும் என்றுகூட வைக்கலாம்.

கொளுத்துக்கரண்டி:
வெள்ளைப் பூச்சு நல்லதுதான். ஒரு ஐப்பசி மழை போனால் பாசி பிடித்துக் கறுத்துவிடும். வருஷா வருஷம் மாசி, பங்குனியில் தேய்த்துக் கழுவி மறுபூச்சு அடிக்க வேண்டும்.

நிழற்சுவர்:
இதில் என்னை அதிகம் உறுத்துவது வேறு. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள். 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் இலக்கு. குடிசையை ஒழிக்கும் திட்டம், அவசியமான திட்டம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. தீப்பிடிக்கும் கூரையிலிருந்தும் ஒழுகும் கூரையிலிருந்தும் ஒரு குடும்பம் வெளியே வருகிறது.

ஆனால் கீற்றுக் கூரை வெயிலைத் தாங்குவதில் கான்கிரீட்டைவிட எவ்வளவோ மேல். அந்தக் குடும்பம் பகலில் வயலில் வெயில், ராத்திரி தளத்தின் சூடு என்று மாறுகிறது. ஏசி வாங்க வழியில்லை. வாசலில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் அறிவித்த அதே அரசு, தான் பணம் கொடுத்துக் கட்டும் கூரையில் ஒரு அங்குலப் பலகைக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கலாமே? ஒரே அளவு வீடு, ஒரே வரைபடம். பலகையை மொத்தமாக வாங்கினால் விலையும் இறங்கும்.

கட்டுமானி_மதுரை:
இதை முழு மனதோடு ஆதரிக்கிறேன் மேடம். அரசு முதலில் தன் பணத்தில் செய்யட்டும். அந்த வேலையில் ஊர் ஊராகக் கொத்தனார்கள் கை பழகட்டும். அப்புறம் எங்களிடம் வாருங்கள்.

மொட்டைமாடி:
அதுவரை நாங்கள் வேகணுமா அண்ணே? ஒன்று நேராகவே கேட்கிறேன். நீங்கள் கட்டி விற்கிற வீட்டில் அந்தப் பலகை போடுகிறீர்களா?

கட்டுமானி_மதுரை:
கேட்டால் போடுகிறேன். யாரும் கேட்பதில்லை. டைல்ஸ் என்ன கம்பெனி, குழாய் என்ன கம்பெனி, கிச்சன் மாடுலரா என்று கேட்கிறார்கள். கூரைக்கு மேல் என்ன இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்காததைப் போட்டு விலையை ஏற்றினால் பக்கத்து மனைக்காரர் விற்றுவிட்டுப் போய்விடுவார்.

வேளச்சேரிவாசி:
நான் விதி கேட்பதே அதற்குத்தான் சார். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் பக்கத்து மனைக்காரரும் போட்டாக வேண்டும். நல்லது செய்கிறவர் தோற்க மாட்டார்.

நிழற்சுவர்:
இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. வீட்டை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் கூரையின் அடுக்குகளை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று வைக்கலாம். தளம் எத்தனை அங்குலம், பலகை உண்டா, மேலே ஓடா பூச்சா. பலகை பரப்பிய அன்று எடுத்த படம் ஒன்று. ஆய்வாளர் வேண்டாம், கட்டணம் வேண்டாம். பொய் எழுதினால் வாங்கியவர் வழக்குப் போடலாம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் 500 சதுர மீட்டர் வரையிலான மனையையும் எட்டு வீடு வரையிலான குடியிருப்பையும் பதிவிலிருந்து விட்டுவிடுகிறது. அதனால் சின்ன வீட்டுக்கு இதைத் தனியாகத்தான் கொண்டுவர வேண்டும்.

கட்டுமானி_மதுரை:
எழுதிக் கொடுக்கச் சொன்னால் எனக்கு ஆட்சேபணை இல்லை. நாளைக்கே கொடுக்கிறேன். கட்டாயமாகப் போடு என்பதற்குத்தான் என் எதிர்ப்பு, அதில் மாற்றம் இல்லை.

மொட்டைமாடி:
வாடகை ஒப்பந்தத்திலும் அது இருக்க வேண்டும். படிவம் ஒன்று எழுதித் தாருங்கள் அக்கா, அடுத்த வீடு பார்க்கும்போது நானே கொண்டுபோய்க் கேட்கிறேன்.